செவி மங்கினும் தாளம் மங்குவதில்லை

ரோவிலில் எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் வாழ்கின்றார். ஊரில் கோயிற் பசனைகளுக்கு மிருதங்கம் வாசித்த கை அவருடையது. அருகில் வீழ்ந்து வெடித்த எறிகணை ஒன்று வலக்காதின் கேள்வியைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய காதை முதுமை மெல்ல மெல்ல மூடி வருகின்றது. பேரன் மிருதங்கம் பயில்கின்றான். அவன் சாதகத்திற்கு அமர்ந்தால் பெரியவர் எழுந்து வீட்டின் பின்புறம் போய்விடுவார். அரங்கேற்றங்களுக்கும் இப்போது அவரை எவரும் அழைத்துச் செல்வதில்லை. "மாமாவுக்குத்தான் ஒன்றும் கேளாதே, மூன்று மணித்தியாலம் இருந்து என்ன செய்வார்?" என்றார் மருமகள். அன்பினாற் கூறியதே. ஆயினும் அது சரியான கணிப்பன்று என்பது எமது எண்ணம்.

செவிப்புலன் குறைதல் என்பது விளக்கை அணைப்பது போன்றதன்று. உட்காதில் நத்தை ஓடுபோற் சுருண்ட உறுப்பினுள் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. முதுமையினாலும் பேரொலியினாலும் முதலிற் கெடுபவை பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளை ஏற்பவையே. தாழ்ந்த ஒலிகள் பலருக்கு நெடுங்காலம் எஞ்சி நிற்கும். ஆகவே பேச்சு விளங்காத ஒருவருக்கு மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கும்காரம் எட்டக்கூடும். காதுக்கு எட்டாவிடினும் மரத்தரை வழியாகப் பாதத்திற்கு எட்டும். மேலும் எமது இசையில் தாளம் கண்ணுக்கும் தெரிவது. பாடுபவரும் சபையோரும் கையாற் போடும் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் காண்பதற்குக் காது வேண்டியதில்லை.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த தாள வாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளெனி 12 வயதளவில் கேள்வியைப் பெரும்பாலும் இழந்தவர். மேடையில் வெறுங்காலுடன் நின்று அதிர்வை உடலால் உணர்ந்து வாசிக்கும் அவர், 2012இல் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முரசு வாசித்தோருக்குத் தலைமை தாங்கினார்.

அத்துணைத் தூரம் செல்லவும் வேண்டியதில்லை. ரோவிலுக்குப் புகையிரதம் இல்லை. 900ஆம் இலக்கப் பேருந்தில் கோல்பீல்ட் சென்று புகையிரதம் ஏறினால் நகரை அடையலாம். அந்நகரின் கிழக்கு ஓரத்தில் உள்ளது றோயல் விக்டோரியன் கண், காது வைத்தியசாலை. அங்கேதான் 1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி பேராசிரியர் கிரஹம் கிளார்க்கும் அவர் குழுவினரும் றொட் சோண்டர்ஸ் என்பவரின் உட்காதில் பல மின்வாய்கள் கொண்ட கருவியைப் பொருத்தினர். கிளார்க்கின் தந்தையார் காது மந்தமான மருந்துக்கடைக்காரர். தந்தை பட்ட சங்கடத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளையின் உழைப்பு அது. கருவியைப் பரிசோதித்தபோது 'இறைவா, அரசியைக் காப்பாற்று' என்ற கீதத்தின் இசையை அதனூடாகச் செலுத்தினார்கள். சோண்டர்ஸ் அதனை இனங்கண்டு எழுந்து நின்றுவிட்டாராம். அவர் இனங்கண்டது ஒரு பாட்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆனால் உண்மையை மறைத்தல் ஆகாது. கிளார்க்கின் பணியிலிருந்து வளர்ந்து பரவலாகப் பயன்பட்ட கருவியில் மின்வாய்கள் 22 மட்டுமே. ஆயிரக்கணக்கான மயிர்க்கலங்கள் செய்த பணியை அவை முற்றாகச் செய்துவிட முடியாது. பேச்சும் தாளமும் அவற்றினூடாக நன்கு செல்லும். சுருதி வேறுபாடு சரியாகச் செல்வதில்லை. கமகங்களில் உயிர்வாழும் எமது இராகங்களுக்கு இது பெரிய குறையே. முன்பே மனதிற் பதிந்த பாடல், சொற்களோடு கூடிய பாடல், சிறிய பக்கவாத்தியக் கூட்டம் ஆகியவை எளிதாக இருக்கும் என்பர். 2011இல் மெல்பேர்ணில் றொபின் பொக்ஸ் உள்ளிட்ட இசையமைப்பாளர்கள் இக்கருவி அணிந்தோருக்கெனவே புதிய இசை ஆக்கி அரங்கேற்றியுமுள்ளனர்.

சாதாரணக் காதுக் கருவி அணிவோருக்கு வேறொரு தொல்லை. அக்கருவிகள் முதன்மையாகப் பேச்சுக்கென அமைக்கப்பட்டவை. நாதஸ்வரமோ புல்லாங்குழலோ ஒரு சுரத்தில் நீண்டு நிற்கும்போது, அதனைத் தன்னுள் எழும் வீளை ஒலியென்று கருதிக் கருவி அடக்க முயலும். சுரம் நடுங்கும். 'கருவி பழுது' என்று கழற்றி இலாச்சிக்குள் வைத்தவர்களை நாம் அறிவோம். இசைக்கெனத் தனி அமைப்பை வைத்துத் தருமாறு செவிப்புலன் பரிசோதகரிடம் கேட்டாற் போதும். பல கருவிகளில் அது உண்டு. அவர் தாமாகச் சொல்லாதிருக்கலாம். நாமே கேட்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரையும் கேட்க வேண்டும்.

26 வயதுக்கு உட்பட்டோருக்கும், ஓய்வூதிய அட்டை உடைய பெரியோருக்கும் அரசின் செவிப்புலன் திட்டம் உதவுகின்றது. ஆனால் அது பொதுவாகக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றோருக்கே. இணைப்பு வீசாவில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் எம்மவரின் காது மட்டும் காத்திருக்குமா? இவ்வினாவை எமது சங்கங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

டண்டினோங் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்வோருக்கும் ஒரு சொல். 8 மணித்தியாலத்திற்குச் சராசரி 85 டெசிபல் என்பதே இங்குள்ள எல்லை. ஒலி 3 டெசிபல் கூடினால் தாங்கத்தக்க நேரம் பாதியாகும். காதடைப்பான் கேட்பது உங்கள் உரிமை. தேர்த்திருவிழாவில் தவிலுக்கு அருகே குழந்தையைத் தோளில் ஏந்தி நிற்கும் தந்தையரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

முற்கூறிய வீட்டிற்குச் சென்ற ஞாயிறு மீண்டும் போயிருந்தோம். எமது வற்புறுத்தலுக்காக விரிப்பை அகற்றி, மரத்தரையிற் பேரனை அமர்த்தி, தொப்பிப் பக்கமாகப் பெரியவரை இருத்தினார்கள். அவர் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினார். மற்றக் கை தொடையில் தாளம் போடத் தொடங்கிற்று. முதற் காலம் ஒழுங்காகச் சென்றது. இரண்டாம் காலத்திற் பையன் சற்றே விரைந்தான். எமக்கு அது தெரியவில்லை. பெரியவர் கண்ணைத் திறவாமலே சொன்னார்:

"ஓடாதை அப்பன், ஓடாதை."