மூன்று வித்துவான்கள்

இலண்டனில் 1966ஆம் ஆண்டு தோன்றிய இசைக்குழு 'கிறீம்'. கிற்றார் வாசித்த எரிக் கிளப்ரன், தாழ்சுரக் கிற்றாருடன் பாடிய ஜாக் புரூஸ், முரசு முழக்கிய ஜிஞ்சர் பேக்கர் ஆகிய மூவரே அதன் உறுப்பினர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிசையாகிய 'புளூஸ்' அவர்களது மூலதனம். ஸ்கிப் ஜேம்ஸ் என்னும் மிசிசிப்பிப் பாடகர் 1931இல் பதிவுசெய்த பாடலொன்றைத் தம் முதல் இசைத்தட்டிலேயே புதுப்பித்தனர். 1967இல் நியூயோர்க்கில் பதிவான இரண்டாவது தட்டில், அக்கால இளைஞரைக் கவர்ந்த கனவுமயமான வண்ணமும் கலந்தது.

மேடையிலோ ஒரு பாடல் கால் மணி நேரத்துக்கும் மேலாக விரியும். மனோதர்மம் நிறைய இருந்தது. ஒருவர் வாசிப்பை மற்றவர் கேட்கும் செவிதான் குறைந்தது. புரூஸுக்கும் பேக்கருக்கும் பழம்பகை வேறு. ஒரு கச்சேரியில் தாம் வாசிப்பை நிறுத்தியும் மற்ற இருவரும் அதனைக் கவனிக்கவில்லை என்று கிளப்ரன் பின்னர் கூறினார். புகழின் உச்சியிலேயே, 1968 நவம்பர் 26இல், றோயல் அல்பேட் மண்டபத்தில் விடைபெற்றனர். அதே மண்டபத்தில் மூவரும் மீண்டும் கூடி நான்கு இரவுகள் வாசித்தது 2005 மே மாதத்திலேதான்.