ஆதலா, ஆக்கலா?

உலகச் சந்தை நம் நாட்டினுள் பரவியதைக் குறிக்க, மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் இரண்டு சொற்களை வழங்கி வருகிறோம். 'உலகமயமாதல்' என்பது ஒன்று. 'உலகமயமாக்கல்' என்பது மற்றொன்று. முன்னது தன்வினை, மழை பெய்வதுபோல் தானே நிகழ்வது. பின்னது பிறவினை, செய்தவர் யார் என்று வினவத் தூண்டுவது. ஆங்கிலச் சொல்லோ இரு பொருளுக்கும் இடந்தந்து நழுவிவிடுகிறது. கன்னடத்தார் வழங்கும் 'ஜாகதீகரண' என்பதில் ஆக்கற்பொருளே மிகுதி.

இது வெறும் இலக்கணப் பூசலன்று என்பதை, நாம் குடியேறி வாழும் மைசூரிலேயே காணலாம். இங்குள்ள அரசாங்கப் பட்டு நெசவாலை 1912-ஆம் ஆண்டில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தோன்றியது. முதற்கண் அதற்கு வந்த தறிகள் சுவிட்சர்லாந்து நாட்டினவை. ஆகவே நம் வீட்டுப் பெண்டிர் 'அசல் மைசூர்ப் பட்டு' என்று பெருமையோடு உடுத்துவதிலும் ஐரோப்பாவின் கை உண்டு! 1961-இல் இந்நகரில் உற்பத்தி தொடங்கி, 1996-இல் மூடப்பட்ட ஜாவா மோட்டார் சைக்கிள் ஆலையும் செக்கோஸ்லோவாகிய நுட்பத்தில் இயங்கியதே.

இவை விரும்பி அழைத்த விருந்துகள். சீனக் கச்சாப் பட்டின் வரவு அத்தகையதன்று. அதன் விலை குறைவு, இழையும் சீரானது. காஞ்சிபுரத்திலோ காசியிலோ தறி வைத்திருப்பவருக்கு மலிவான இழை கிடைத்தால் கூலி மிஞ்சும். ஆனால் மண்டியா, ராமநகரப் பகுதிகளில் முசுக்கட்டை பயிரிட்டுப் புழு வளர்ப்பவருக்கு, அதே மலிவு பட்டுக்கூட்டின் விலையைச் சரிக்கும் பேரிடி. முன்னவர் நம் உறவினர். பின்னவர் நம் அயலார். எவர் பக்கம் நிற்பது?

கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வையை மத்திய அரசாங்கம் 2011-இல் நூற்றுக்கு 30 என்பதிலிருந்து 5 ஆகக் குறைத்தது. நெசவாளருக்கு இழை மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ராமநகரச் சந்தையில் கூட்டின் விலை வீழ்ந்தது. விவசாயிகள் வீதிக்கு வந்தனர். 2013-இல் தீர்வை 15 ஆக உயர்த்தப்பட்டது.

தீர்வை மழையன்று, கையொப்பத்தால் ஏறுவது, கையொப்பத்தால் இறங்குவது. எனவே இத்தகைய ஆவணங்களைத் தமிழாக்கும்போது, 'உலகமயமாக்கல்' என்றே எழுதுவதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். 'ஆதல்' என்பது செவிக்கு இனியதுதான்; எனினும் அது கையொப்பமிட்டவரை மறைத்துவிடுகிறது.