இதயமும் ஒரு சுரப்பியே!

நான்கு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். மருத்துவரோ இதயச் செயலிழப்போ என்று ஐயுறுவார். இதயம் நின்றுவிட்டது என்பதன்று இதன் பொருள்; உடலுக்கு வேண்டிய குருதியை இறைக்க முடியாமல் அது தளர்ந்திருக்கிறது. இத்தகையோருள் யாருக்கு ஆபத்து மிகுதி? இதற்கு விடை கூறுவது இதயமே!

இதயத்தை இறைக்கும் கருவியாகவே பள்ளியில் படிக்கிறோம். 1981இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்டும் அவர் குழுவினரும் எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். அவற்றின் சிறுநீரும் அதில் வெளியேறிய உப்பும் பன்மடங்கு பெருகின. இதயமும் ஹார்மோன் சுரக்கிறது என்பது தெளிவாயிற்று. 1988இல் ஜப்பானிய அறிஞர்கள் இவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு ஹார்மோனைப் பன்றியின் மூளையில் கண்டனர். அதுவே பி.என்.பி. ஆனால், அதை மிகுதியாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகளே என்று பின்னர் தெரிந்தது.

குருதி தேங்கிக் கீழறைச் சுவர் இழுபட்டால், தசைச் செல்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தை ஆக்குகின்றன. அது இரண்டாகப் பிளவுபடுகிறது. 32 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு பி.என்.பி. அது உப்பையும் நீரையும் வெளியேற்றி, குருதிக் குழாய்களைத் தளர்த்தி, இதயத்தின் சுமையைக் குறைக்க முயல்கிறது. எஞ்சிய 76 அமினோ அமிலத் துண்டு செயலற்றது. ஆயினும் குருதியில் கூடுதல் நேரம் தங்குவதால் அளப்பதற்கு ஏற்றது.

அப்படியானால் கால் ஏன் வீங்குகிறது என்று கேட்பீர்கள். உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களின் கை ஓங்கிவிடுவதால்தான்!

மூச்சுத் திணறலுடன் வருபவரின் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராமுக்குக் குறைவாகப் பி.என்.பி. இருந்தால், காரணம் பெரும்பாலும் இதயமன்று. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு! இதய நோயாளியிடம் இவ்வளவு ஏற ஏற, உயிருக்கு ஆபத்தும் ஏறுகிறது. சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும்போது 30 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் அது நல்ல அறிகுறி.

எனினும் இது சாதகக் கணிப்பன்று. முதுமையும் சிறுநீரகக் கோளாறும் இவ்வளவை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும். ஆகவே நோயாளியையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். உயர்ந்த எண் தீர்ப்பன்று, எச்சரிக்கை. சிகிச்சையால் அதை இறக்க முடியும். எனவே வீங்கிய காலை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.