லயத்துக் கேசட்டுகளைக் கணினியில் காக்க எந்தக் கோடெக்?

வீடியோ கேசட்டில் உள்ள படத்தைக் கணினியில் ஏற்றுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதை எந்தக் கோடெக்கில் பதிவுசெய்வது என்பதைத்தான். படத்தைச் சுருக்கி எழுதவும் பின்னர் விரித்துக் காட்டவும் கணினி கையாளும் முறையே கோடெக். சில கோடெக்குகள் எதையும் இழக்காமல் சுருக்குகின்றன. மற்றவை, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் விவரங்களைக் கழித்துவிடுகின்றன. கழித்ததைப் பிறகு மீட்க வழியில்லை.

மலேசியாவின் கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டப்புறக் குடும்பங்களின் கேசட்டுகளுக்கு இந்தத் தேர்வு மிக முக்கியமானது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. அவ்வளவு பழமையான இந்தப் பகுதியில் பல தோட்டங்கள் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாகிவிட்டன. புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்ட்னர், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1980, 90களில் எடுத்த கல்யாண வீடியோக்களிலும் மாரியம்மன் திருவிழா வீடியோக்களிலும் ஆட்களுக்குப் பின்னால் தெரியும் லயத்து வாசலும் தமிழ்ப்பள்ளித் திடலும் பல குடும்பங்களுக்கு வேறெங்கும் கிடைக்காத சான்று. அவை திரையின் ஓரத்தில், மங்கலாக இருக்கின்றன. இழப்புடன் சுருக்கும் கோடெக் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

மலேசியக் கேசட்டுகள் பிஏஎல் முறையைச் சேர்ந்தவை: 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டகங்கள். கணினியில் இது 720 பெருக்கல் 576 புள்ளிகளாகப் பதிவாகிறது. 4:2:2 வண்ண அமைப்பில் சுருக்காமல் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் பிடிக்கும். கோடெக்கின் தேவை இங்கே எழுகிறது.

டிவிடி தட்டுகளின் எம்பெக்-2, இன்றைய கைப்பேசிகளின் எச்.264 ஆகியவை கோப்பைச் சிறிதாக்குவதில் வல்லவை. ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி அவை இடத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் விஎச்எஸ் கேசட் படத்தில் இரைச்சல் புள்ளிகள் சட்டகத்துக்குச் சட்டகம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றங்களை எழுதவே இடம் போய், உண்மையான விவரங்கள் கழிகின்றன. இரவில் எடுத்த தீமிதிக் காட்சியில் இதன் விளைவு நன்றாகத் தெரியும். கனலின் சிவப்பு சதுரம் சதுரமாக உடையும். இருட்டில் நிற்கும் கூட்டத்தின் முகங்கள் கரும்பட்டைகளாகிவிடும். பின்னாளில் இரைச்சலைக் குறைக்கவோ நிறத்தைத் திருத்தவோ முயன்றால் அந்தச் சதுரங்கள் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

1995இல் வந்த டிவி (DV) கோடெக் நடுத்தரமானது. மணிக்கு 13 ஜிகாபைட் கொள்ளும். ஒவ்வொரு சட்டகத்தையும் தனியாகச் சுருக்குவதால் வெட்டி ஒட்டுவது எளிது. ஆனால் பிஏஎல் முறையில் அது வண்ணத் தகவலில் பாதியைக் கைவிடுகிறது. வீட்டில் இருப்பது மினிடிவி கேசட்டானால் கதை வேறு. அதில் படம் ஏற்கெனவே இந்தக் கோடெக்கில்தான் இருக்கிறது. ஃபயர்வயர் வழியாக அப்படியே நகலெடுப்பதே சரி.

விஎச்எஸ், வீடியோ8, ஹை8 கேசட்டுகளுக்கு ஏற்றவை இழப்பற்ற கோடெக்குகள். ஹஃப்யூவ், யுடி வீடியோ இரண்டும் வேகமானவை. பழைய கணினியிலும் சட்டகம் தவறாமல் பதிவுசெய்யும். எஃப்எஃப்வி1 இன்னும் நன்றாகச் சுருக்கும். பெரும்பாலான கேசட்டுகளுக்கு மணிக்கு 30 ஜிகாபைட் அளவு போதும். 2003இல் உருவான இது திறந்த மூலக் கோடெக். இதன் விவரங்கள் 2021இல் ஆர்எஃப்சி 9043 என்ற ஆவணமாக வெளியாயின. ஆஸ்திரியாவின் தேசிய ஒலி-ஒளிக் காப்பகமும் இதைப் பயன்படுத்துகிறது. எந்த நிறுவனம் மூடினாலும் இந்தக் கோப்பைத் திறக்க முடியும் என்பதே இதன் பெரிய பலம். வேகம் குறைந்த கணினி வைத்திருப்பவர் ஹஃப்யூவில் பதிவுசெய்து, பிறகு எஃப்எஃப்வி1க்கு மாற்றலாம். வண்ண அமைப்பை மாற்றாதவரை ஒரு புள்ளிகூடக் குறையாது. மூன்று மணி நேரக் கேசட்டுகள் பத்தை ஒரு டெராபைட் வட்டில் வைக்கலாம்.

கோடெக் சரியாக இருந்தாலும் அமைப்புகள் தவறினால் பயனில்லை. பிஏஎல் படத்தில் ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரு பாதிகளாக, நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டது. ஆடிவரும் காவடியைக் கணினித் திரையில் நிறுத்திப் பார்த்தால் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரிவது இதனால்தான். அதைக் குறை என்று எண்ணிப் பதிவின்போதே நீக்கினால் அசைவின் பாதி போய்விடும். மூலக் கோப்பில் அப்படியே விட்டு, பார்வைக்கான நகலில் மட்டும் சரிசெய்ய வேண்டும். ஒலியைச் சுருக்காத பிசிஎம் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸில் எழுத வேண்டும். எஸ்-வீடியோ இணைப்பு உள்ள விசிஆர் கிடைத்தால் மஞ்சள் கம்பியைத் தவிர்க்கலாம். விர்ச்சுவல்டப் போன்ற இலவச மென்பொருள், தவறிய சட்டகங்களின் எண்ணிக்கையைக் காட்டும். எண்ணிக்கை ஏறினால் நிறுத்தி மீண்டும் பதிவுசெய்வதே நல்லது.

மலேசியாவின் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். வெள்ளைப் படலம் தெரியும் கேசட்டைத் துப்புரவு செய்யாமல் விசிஆரில் போடக்கூடாது. அது நாடாவைப் படிக்கும் காந்தமுனையைக் கெடுத்து மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன.

ஆகவே, எஃப்எஃப்வி1இல் ஒரு மூலக் கோப்பு, உறவினருக்கு அனுப்ப அதிலிருந்து எடுத்த எச்.264 நகல், வேறோர் ஊரில் இருக்கும் வீட்டில் மூலக் கோப்பின் இன்னொரு பிரதி என்பதே ஒரு குடும்பத்துக்குப் போதுமான ஏற்பாடு. அலமாரியில் தோட்டத்துக் கேசட் வைத்திருப்பவர்கள், அது இன்னும் ஓடும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.