சூளையில் ஒட்டும் கண்ணாடி

சிகாகோவில் 1948-இல் மணம் முடித்த ஃபிரான்சஸ், மைக்கேல் ஹிக்கின்ஸ் தம்பதிக்கு மூலப்பொருள் சாதாரண ஜன்னல் கண்ணாடிதான். ஒரு தகட்டின் மேல் எனாமல் வண்ணத்தால் கோலம் அமைத்து, மேலே இன்னொரு தகட்டை வைத்து மூடுவார்கள். சூளையின் சூட்டில் இரண்டும் இளகி ஒன்றாகி, அடியில் உள்ள அச்சின் குழிவுக்குள் மெல்ல இறங்கும். வெளியே வருவது பழத்தட்டு, சாம்பல் கிண்ணம், அறையைப் பிரிக்கும் தொங்குதிரையின் வட்டங்கள். 1950-களின் அமெரிக்க வீடுகளை அலங்கரித்த அந்தப் பொருட்களை இன்றும் தேடித்தேடிச் சேகரிக்கிறார்கள்.

முறை மிகப் பழையது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை நெருக்கி அடுக்கி, உருக்கி ஒட்டிக் கிண்ணமாக்கும் கலை ரோமானியர் காலத்தில் செழித்திருந்தது. குழாயால் ஊதிக் கண்ணாடி செய்யும் உத்தி வந்ததும், அதன் வேகத்துக்கும் மலிவுக்கும் முன்னால் இது பின்தங்கிப்போனது.

கண்ணாடிக்கு ஒரே உருகுநிலை என்று ஒன்று கிடையாது. சூடு ஏற ஏற அது படிப்படியாக இளகும். கைவினைஞரின் சுதந்திரம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸில் தகடு வளைந்து அச்சின் வடிவத்தை எடுக்கும். 750 டிகிரியை ஒட்டி, மேலே வைத்த துண்டுகள் தங்கள் மேடு கெடாமல் ஒட்டிக்கொள்ளும். 800-ஐத் தாண்டினால் எல்லாம் கலந்து ஒரே வழவழப்பான தளமாகும். அந்தச் சூட்டில் கண்ணாடி தானாகவே சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனை நாடும். அதனால் 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை மட்டும் வைத்தால் ஓரங்கள் உள்ளே சுருங்கும். மூன்றை அடுக்கினால் வெளியே வழிந்து பரவும். இரண்டு தகடு வைத்தால் அளவு அப்படியே நிற்கும்.

உருக்குவது எளிது. ஆறவிடுவதில்தான் உண்மையான வேலை. மேற்பரப்பு முதலில் இறுகி, உட்பகுதி பின்தங்கினால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். தட்டு அன்றைக்கே விரிசல் விடலாம், பல வாரம் கழித்தும் விடலாம். ஆகவே 480 டிகிரிக்கு அருகில் சூட்டை நிறுத்தி, பிறகு மிக மெதுவாக இறக்குவார்கள். இதற்கு அனீலிங் என்று பெயர். வீட்டுத் தட்டு ஒன்றுக்கு ஒரு இரவு போதும். தடிமன் கூடக் கூட நேரம் பெருகும்: பாலோமர் தொலைநோக்கிக்காக 1934-இல் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டை ஆறவிட ஏறத்தாழ பத்து மாதம் ஆனது.

இன்னொரு நிபந்தனை, சேரும் கண்ணாடிகள் ஒரே அளவில் சுருங்க வேண்டும். சந்தையில் 90 என்றும் 96 என்றும் குறிக்கப்படும் இரு வகைகள் உண்டு. வெப்பத்தில் விரியும் அளவைக் காட்டும் எண்கள் அவை. 480 டிகிரியிலிருந்து அறைச் சூட்டுக்கு வரும்போது, 30 சென்டிமீட்டர் நீளத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். பெரிய தட்டு ஒன்று பிளக்க அது போதும். ஜன்னல் கண்ணாடியின் எண் இவை இரண்டையும்விடக் குறைவு. அதை இவற்றோடு கலக்கவே கூடாது.

பல வண்ணங்களை அச்சமின்றிச் சேர்க்க வழி செய்ததில், அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974-இல் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே சோதனை எளிமையானது, அழகானதும்கூட. தெளிந்த கண்ணாடிப் பட்டையில் வண்ணச் சில்லுகளை உருக்கி ஒட்டி, இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே வைத்துப் பார்ப்பார்கள். சில்லைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் உள்ளே இழுவிசை இருக்கிறது என்று பொருள்.

வண்ணமும் சூளைக்குள் மாறும். தங்கம் சேர்த்த இளஞ்சிவப்புக் கண்ணாடி, சூளைக்குப் போகும்போது பெரும்பாலும் நிறமே இல்லாமல் இருக்கும், சூட்டில்தான் சிவக்கும். செம்பு கலந்த நீலப்பச்சையும் கந்தகம் கலந்த மஞ்சளும் தொட்டுக்கொண்டால் சந்திப்பில் அடர்பழுப்புக் கோடு விழும். தொடக்கநிலையினர் அதைக் கறை என்று நினைத்து வருந்துவதுண்டு. அனுபவசாலிகள் அந்தக் கோட்டுக்காகவே இவ்விரண்டையும் பக்கத்தில் வைக்கிறார்கள். எந்தத் தூரிகையாலும் அவ்வளவு நுண்ணிய கோட்டைக் கண்ணாடிக்குள் வரைய முடியாது.