கார்ப்பெட்டுக்கு ஏன் பேரீச்சம்பழம் கிடைக்கல?

இந்த எபிசோடை ஒரு தெருச் சத்தத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" லீவுக்கு ஊருக்குப் போனவங்க யாரும் இதை மறந்திருக்க மாட்டீங்க. ஓட்டை அண்டாவைக் கொடுத்தா கை நிறைய பேரீச்சம்பழம். ரீசைக்ளிங்னு ஒரு வார்த்தை நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நமக்கு அது நடந்துட்டிருந்தது.

போன பங்குனியில, திருவையாறு பக்கத்துல இருக்கிற எங்க பாட்டி வீட்டைக் காலி பண்ணினோம். பாட்டி இப்போ இல்ல. வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம். பரண்ல இருந்ததை எல்லாம் இறக்கி முற்றத்துல குவிச்சா, தரையில விரிக்கிற சாமான் மட்டும் நாலு வகை தேறிச்சு. நாலு கோரைப்பாய். விசேஷத்துக்கு மட்டும் வெளியே வர்ற பவானி ஜமக்காளம் ஒண்ணு. ரெண்டு பிளாஸ்டிக் பாய். அப்புறம், சென்னையில எங்க சித்தப்பா ஃபிளாட்டைப் புதுப்பிச்சப்போ "ஊருக்கு அனுப்பினா யாராவது யூஸ் பண்ணுவாங்க"ன்னு லாரியில ஏத்தி விட்ட ஒரு பெரிய கார்ப்பெட். அதை யாரும் விரிச்சதே இல்ல. சுருட்டின வாக்குல பதினஞ்சு வருஷம் பரண்லயே கிடந்தது.

காயலான் கடை அண்ணன் வண்டியோட வந்தார். பித்தளைச் சாமான் உடனே தராசுக்குப் போச்சு. ஜமக்காளத்தைப் பார்த்து, "பழந்துணியோட சேர்த்துப் போடுங்க"ன்னார். பிளாஸ்டிக் பாயைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, ஓரத்துல தைச்ச துணியைப் பிரிச்சுக் கொடுத்தா எடுத்துக்கறேன்னு சொன்னார். கோரைப்பாயை அவர் கண்டுக்கவே இல்ல. கடைசியா கார்ப்பெட்டைக் காலால ஒரு தட்டு தட்டினார். "இது வேணாம் தம்பி. சும்மா கொடுத்தாலும் வேணாம்."

மாமா பக்கத்துல நின்னுட்டிருந்தார். "விடு மாப்ள, சாயங்காலம் வாய்க்கா ஓரமாப் போட்டுக் கொளுத்திடலாம்"னார். வேற என்ன செய்யறதுன்னு எனக்கும் அப்போ தெரியல. ஆனா ஒரு கேள்வி மனசுல ஒட்டிக்கிச்சு. முற்றத்துல கிடந்ததுலயே விலை ஜாஸ்தியான பொருள் அந்தக் கார்ப்பெட்தான். அது மட்டும் ஏன் சும்மா கொடுத்தாலும் வேணாம்?

முதல்ல பித்தளை. கும்பகோணம் பக்கத்துல நாச்சியார்கோயில்னு ஊர், குத்துவிளக்குக்குப் பேர் போனது. அங்க பட்டறைகள்ல பழைய பித்தளையை உருக்கி, அச்சுல ஊத்தி, கடைசல் பிடிச்சு விளக்காக்குறாங்க. சொம்பு விளக்காகும், விளக்கு மறுபடி சொம்பாகும். ஏன் முடியுதுன்னா, சொம்பு முழுக்க ஒரே பொருள். சூடு காட்டினா முழுசா உருகும், உருகினதும் தான் என்னவா இருந்தோம்கிறதையே மறந்துடும். எதுக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும்கிறதுக்கு முதல் விதி இதுதான்: ஒரே பொருளா இருக்கணும், இல்லன்னா சுலபமாப் பிரியணும். இதை வெச்சு நம்ம நாலு விரிப்பையும் பார்க்கலாம்.

கோரை ஒரு புல். கரூர், நாமக்கல், முசிறின்னு காவிரிக் கரை ஓரமா வயல்ல பயிராகுது. ஒரு தடவை நட்டா பல வருஷம் அறுக்கலாம். அறுத்து, கிழிச்சு, காய வெச்சு, நூலைப் பாவாப் போட்டு நெய்தா பாய். பத்து வருஷம் படுத்த பிறகு நாரா உதிரும். அதை மாட்டுத்தொழுவத்துல போடுவாங்க, அங்கேர்ந்து எருக்குழிக்குப் போகும், அங்கேர்ந்து வயலுக்கு. காயலான் கடைக்காரர் ஏன் அதைக் கண்டுக்கலைன்னு புரியுதா? அதை வாங்க ஆள் தேவையில்ல, மண்ணே வாங்கிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: இப்போ வர்ற பாய் பலதுலயும் பாவு நூல் நைலான், ஓரம் பாலியஸ்டர் துணி. அதை உருவிட்டுத்தான் குழியில போடணும்.

அடுத்து ஜமக்காளம். இதுவும் காவிரிக் கரைச் சரக்குதான். பவானி ஆறு காவிரியோட கலக்கிற கூடுதுறை இருக்கிற ஊர்தான் பவானி. அங்க நெய்யற ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கு. பழைய வகை ஜமக்காளம் தடிமனான பருத்தி நூல். பருத்தியை உருக்க முடியாது. ஆனா கிழிக்க முடியும். ஊசிப் பல் வெச்ச உருளைகளுக்கு நடுவுல விட்டா துணி பிஞ்சு பஞ்சாயிடும். சிக்கல் என்னன்னா, பிய்க்கும்போது நார் அறுந்து குட்டையாயிடும். குட்டை நார்ல மெல்லிசான நூல் வராது, தடியான நூல்தான் வரும். ஓப்பன் எண்ட்னு சொல்ற நூற்பு மெஷின் இந்தக் குட்டை நாரை ஏத்துக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல விழுற வெட்டுத்துணி இப்படித்தான் மறுபடி நூலாகுது. ஹரியானாவுல பானிபட்ல, உலகம் முழுக்கத் தூக்கிப் போட்ட கம்பளித் துணியை நிறம் நிறமாப் பிரிச்சு, பிய்ச்சு, நூத்து, போர்வையா நெய்யறாங்க. நிறம் பிரிச்சே பிய்க்கிறதால பெரும்பாலும் சாயம்கூடத் தேவைப்படாது.

இங்க ஒரு அழகான பொருத்தம் இருக்கு. பழந்துணியிலேர்ந்து வர்றது தடி நூல். மிதியடிக்கும் ஜமக்காளத்துக்கும் தேவைப்படுறதும் தடி நூல். அதாவது, துணி எடுக்கிற கடைசிப் பிறவிகள்ல ஒண்ணு விரிப்பு. அந்த விரிப்பும் வெறும் பருத்தியா இருந்தா, இன்னொரு பிறவி எடுக்கலாம்.

மூணாவது, பிளாஸ்டிக் பாய். பாலிப்ரொப்பிலீன்கிற பிளாஸ்டிக்கைச் சின்னச் சின்னக் குழாயா இழுத்து நெய்யறது. சாயமும் தூசியும் இருந்தாலும் பெரும்பகுதி ஒரே பொருள். கிட்டத்தட்ட 160 டிகிரியில உருகும். துண்டாக்கி, கழுவி, உருக்கி மணியாக்கினா வாளியாகும், பூந்தொட்டியாகும். ஓரத்துணியைப் பிரிச்சுக் கொடுங்கன்னு அந்த அண்ணன் சொன்னாரே, பாலிமர் வேதியியலை ஒரே வரியில சொல்லிட்டார். துணி கலந்தா உருக்கின சரக்கு கெட்டுப்போகும்.

இப்போ நம்ம ஹீரோ. கார்ப்பெட்டை மடிச்சு, பின்பக்கமா ஒரு மூலையைப் பிய்ச்சுப் பார்த்தேன். அது ஒரு பொருளே இல்ல, அடுக்கு. மேல நாம மிதிக்கிற மெத்து மெத்துன்னு இருக்கிற நூல், இந்த வகை கார்ப்பெட்ல அது பெரும்பாலும் நைலான். அதைக் குத்தி நிறுத்த அடியில பாலிப்ரொப்பிலீன் வலை. நூல் உருவிக்காம இருக்கச் செயற்கை ரப்பர் பசை. அந்தப் பசையோட செலவைக் குறைக்க, எடை கூட்ட, நிறைய சுண்ணாம்புக்கல் பொடி. அதுக்கும் அடியில இன்னொரு வலை. மொத்த எடையில கிட்டத்தட்ட பாதிதான் மேல தெரியற நூல். இதுல ரப்பர் ஒரு தடவை இறுகினா திரும்ப உருகாது, டயர் மாதிரி. நைலான் 6 உருகறது 220 டிகிரியில, பாலிப்ரொப்பிலீன் அதுக்கு ரொம்ப முன்னாடியே உருகிடும், ரெண்டும் உருகினாலும் ஒண்ணோட ஒண்ணு சேராது. எண்ணெயும் தண்ணியும்தான். எது கழண்டு வரக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்ச பொருளை, இப்போ நாம கழட்டணும்.

அப்போ முடியவே முடியாதா? முடியும். முதல்ல தரம் பிரிக்கணும். கையில பிடிக்கிற அகச்சிவப்புக் கருவி ஒண்ணைக் கார்ப்பெட் மேல வெச்சா, மேல் நூல் என்ன வகைன்னு சொல்லிடும். அப்புறம் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற மாதிரி மேல் நூலை மட்டும் சிரைச்சு எடுக்கலாம். இல்லன்னா மொத்தத்தையும் துண்டாக்கி, உதறி, சுண்ணாம்புப் பொடியைச் சலிச்சு, நாரைத் தனியாப் பிரிக்கலாம்.

கிடைச்சது நைலான் 6-ஆ இருந்தா அதிர்ஷ்டம். ஏன்னு சொல்றேன். பாலிமர்ங்கிறது ஒரு பூச்சரம். நைலான் 6 முழுக்க மல்லிகை, கேப்ரோலாக்டம்கிற ஒரே பூ. சூடும் நீராவியும் சரியான வினையூக்கியும் கொடுத்தா சரம் அவிழ்ந்து பூ தனித்தனியா வந்துடும். சுத்தம் பண்ணிட்டு மறுபடி கட்டினா, அது புது நைலான். தரத்துல குறையே இல்ல. பருத்தி மாதிரி குட்டையாகிறதும் இல்ல. நைலான் 66 அப்படி இல்ல. அது மல்லியும் கனகாம்பரமும் மாறி மாறிக் கட்டின சரம். அவிழ்க்கலாம், ஆனா ரெண்டு பூவையும் பிரிச்செடுக்கணும், வேலை ஜாஸ்தி. பேர்ல ஒரு 6 கூட இருக்கு, விதியே மாறிடுது.

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவுல, பழைய கார்ப்பெட்டை இப்படி அவிழ்க்கிற பெரிய ஆலை ஒண்ணு 1999-ல ஆரம்பிச்சாங்க. 2001-ல மூடிட்டாங்க. டெக்னாலஜி தோத்ததால மூடல. புது கேப்ரோலாக்டம் மார்க்கெட்ல மலிவாக் கிடைச்சுது, அவ்வளவுதான். வேற கம்பெனி வாங்கி 2007-ல மறுபடி ஓட்டினாங்க. இத்தாலியோட அக்வாஃபில் கம்பெனி 2011-லேர்ந்து ஸ்லோவேனியாவுல லியூப்லியானாவுல இதே வேலையைச் செய்யுது. அவங்க எடுத்துக்கற சரக்கு கார்ப்பெட் நூல் மட்டும் இல்ல, பழைய மீன்வலையும்தான்.

மீன்வலைன்னதும் எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வந்துடுச்சு. டெல்டா முடியற இடத்துல, நம்ம கடற்கரையில உலர்ற செவுள் வலைகள்லயும் நைலான் உண்டு. வேதியியல் கண்ணுக்கு, சென்னை ஃபிளாட் கார்ப்பெட்டும் நாகை வலையும் சொந்தக்காரங்க. ஆனா வலையில பசை இல்ல, சுண்ணாம்பு இல்ல. அதனாலதான் வலைக்கு வழி சீக்கிரம் பிறக்குது. தமிழ்நாடு அரசு 2024-ல சென்னை காசிமேட்டுல, பழைய வலையை மீனவர்கள்கிட்ட காசு கொடுத்து வாங்குற மையம் ஒண்ணைத் தொடங்கிச்சு.

காசு கொடுத்து. இதுதான் ரெண்டாவது விதி. பொருள் பிரிஞ்சா மட்டும் பத்தாது, பிரிக்கிற கூலியை யாராவது கொடுக்கணும். கலிஃபோர்னியாவுல 2010-ல ஒரு சட்டம் போட்டாங்க. அங்க புது கார்ப்பெட் வாங்கும்போதே, அதோட பின்னாள் செலவுக்குன்னு ஒரு சின்னத் தொகையைப் பில்லுல சேர்த்துக் கட்டணும். நம்ம நாட்டுல 2022-ல வந்த பிளாஸ்டிக் பொறுப்பு விதிகள் பேக்கேஜிங்குக்கு மட்டும்தான். ஷாம்பு பாக்கெட்டுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு, கார்ப்பெட்டுக்கு இல்ல. அதனால அந்தப் பொறுப்பு காயலான் கடை அண்ணன் தலையில வந்து விழுது. அவர் நியாயமாவே "வேணாம் தம்பி"ங்கறார். அடுத்து அது எங்க போகும்? வாய்க்காலுக்கு.

இதை நான் சும்மா சொல்லல. மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அதுக்கு முன்னாடி வாய்க்கால் தூர்வாருவாங்க. மண்ணோட என்னென்ன வருதுன்னு மாமாகிட்ட கேட்டேன். "மெத்தை வருது, பாய் வருது, சாக்கு வருது"ன்னார். மதகுல ஒரு சுருட்டின விரிப்பு சிக்கினா போதும், அந்த மதகை நம்பின வயலுக்குத் தண்ணி வர்றது தள்ளிப்போகும். கடைமடையில நாத்து விட்டவனுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. சரி, கொளுத்தலாமான்னா, நைலான்ல நைட்ரஜன் இருக்கு. திறந்தவெளியில எரிச்சா கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் வரலாம். இதை மாமாகிட்ட சொன்னப்போ, கையில இருந்த தீப்பெட்டியை எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டார். "சயனைடுன்னு பேர் தெரிஞ்ச பிறகு எவன் கொளுத்துவான்?"

கடைசியா என்ன பண்ணினோம்? கோரைப்பாய் மூணு எருக்குழிக்குப் போச்சு, நல்லதா இருந்த ஒண்ணை அம்மா எடுத்துக்கிட்டாங்க. பிளாஸ்டிக் பாயோட ஓரத்தைப் பிளேடால பிரிச்சு அந்த அண்ணன்கிட்டயே கொடுத்தோம். ஜமக்காளத்தைக் கொடுக்க மனசு வரல, அது என்னோட வந்துடுச்சு. கார்ப்பெட்டைத் துண்டு துண்டா வெட்டினோம். கொஞ்சம் டிராக்டர் சீட்டுக்கு அடியில, கொஞ்சம் நெல் மூட்டை வண்டியில, மீதி மாமா வீட்டு மோட்டார் ரூம்ல. இது ரீசைக்ளிங் இல்ல. குப்பையாகிற நாளைத் தள்ளிப் போட்டிருக்கோம், அவ்வளவுதான்.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம். புது வீட்டுக்கோ ஆபீசுக்கோ தரை விரிப்பு வாங்கப் போனா, ரெண்டு கேள்வி கேளுங்க. மேல இருக்கிற நூல் என்ன? அடியில என்ன ஒட்டியிருக்கு? கடைக்காரருக்குப் பதில் தெரியலைன்னா, பதினஞ்சு வருஷம் கழிச்சு வர்ற காயலான் கடைக்காரருக்கும் தெரியாது. முடிஞ்சா ஒரே பொருள்ல செஞ்சதா வாங்குங்க: கோரையா, பருத்தியா, வெறும் பாலிப்ரொப்பிலீனா, எதுவா இருந்தாலும் பரவாயில்ல.

உங்க வீட்டுப் பரண்ல என்ன சுருட்டி வெச்சிருக்கீங்கன்னு பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.