தண்ணீர் கேட்கும் ஆட்டம்

ஆறும் ஆட்டமும் – 11

சென்ற வாரம் பாளையங்கோட்டைப் பள்ளி மைதானங்களைச் சுற்றினோம். இந்த வாரம் கோவில்பட்டி என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். “அது ஆத்தங்கரையே இல்லையே, அண்ணாச்சி!” என்பார்கள். உண்மைதான். திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும். கங்கைகொண்டான் தாண்டியதும் வயல் குறைந்துவிடும். கயத்தாறு வருவதற்குள் மண் கறுத்துவிடும். வாழையும் நெல்லும் போய், உளுந்தும் கம்பும் பருத்தியும் மானத்தைப் பார்த்து நிற்கிற பூமி அது.

ஆனாலும் கோவில்பட்டியை விட்டுவிட்டு இந்தத் தொடரை எழுத முடியாது. 1986 அக்டோபர் 20 வரை அது திருநெல்வேலி மாவட்டம். அன்றைக்குத்தான் தூத்துக்குடியைத் தலைநகராக வைத்துச் சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தது. கோடு போட்டுப் பிரித்தாலும் குழாய் பிரியவில்லை. தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேருகிற சீவலப்பேரியிலிருந்து எடுக்கும் தண்ணீரைத்தான் கோவில்பட்டி குடிக்கிறது. ஆற்றைக் கண்ணால் பார்க்காத ஊர், ஆற்றை நம்பியே இருக்கிறது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பெயர்போன இந்த ஊருக்கு விளையாட்டு உலகில் இன்னொரு பெயர், ஹாக்கிபட்டி. கிண்டலாகச் சொன்னதல்ல, பெருமையாகவே சொல்வார்கள். லட்சுமி மில், லாயல் மில் என்று இரண்டு பஞ்சாலைகள் ஊரை வளர்த்தன. ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளர்களும் பள்ளிக்கூடப் பையன்களும் ஒரே மைதானத்தில் ஸ்டிக் பிடித்தார்கள். கிரிக்கெட் நாடு முழுவதையும் விழுங்கிய காலத்திலும் இங்கே சாயங்காலம் என்றால் ஹாக்கிதான். இலுப்பையூரணி, பாண்டவர்மங்கலம், திட்டங்குளம் என்று சுற்றுப்புறக் கிராமங்களிலும் அது பரவியது.

பரவியதற்கு ஆசை மட்டும் காரணமில்லை, வேலையும் காரணம். மானாவாரிப் பூமியில் மழை பொய்த்தால் வீட்டில் உலை ஏறாது. ஹாக்கி நன்றாக ஆடினால் ரயில்வேயில், போலீசில், வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும். அண்ணன் ஒருவன் அப்படிப் போய்விட்டால் தம்பிமார் நாலு பேர் மறுநாளே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு ஆட்டம் ஒரு ஊரில் வேர்பிடிப்பதற்கு இதைவிட உறுதியான காரணம் எனக்குத் தெரியவில்லை. கோடையில் கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு ரயில்வே, ராணுவம், வங்கி அணிகள் வந்து இறங்கும். அவர்கள் சட்டையில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பையன்கள் எவ்வளவு உன்னிப்பாகப் படிக்கிறார்கள் என்று கேலரியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

2022 மே மாதத்தைச் சொல்ல வேண்டும். அந்த மாதம் கோவில்பட்டியில் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் இருபது வயதுக்குள்ளான பையன்கள் கிருஷ்ணா நகர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில், ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை தொடங்கியது. மே 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக இந்தியச் சட்டை போட்டிருந்த கார்த்தி செல்வம். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. கார்த்தி அரியலூர்க்காரர். ஆனால் ஆட்டம் படித்தது கோவில்பட்டியில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விளையாட்டு விடுதியில். அதே அணியில் இன்னொரு புதுமுகம், கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல். ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். அடுத்த ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தபோது, சொந்த மாநிலத்து ஜனங்கள் முன்னால் மலேசியா மீது கார்த்தி கோல் போட்டார். கோப்பையும் நமக்கே வந்தது.

இத்தனைக்கும் பிறகு 2025 நவம்பர் 28 வந்தது. ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் தொடங்கியது. 1979இல் பிரான்சின் வெர்சாய்ஸ் நகரில் பிறந்த போட்டி இது. இந்தியா 2001இல் ஹோபார்ட்டிலும் 2016இல் லக்னோவிலும் வென்றிருக்கிறது. இந்த முறைதான் முதன்முதலாக 24 நாடுகள். பாகிஸ்தான் விலகிக்கொண்டதால் ஓமன் வந்தது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் புது அரங்கம், அனுமதி இலவசம். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால் ஜெர்மனிக்காரன் எப்படி ஓடுகிறான் என்று பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். நம் பக்கத்துப் பையன்களுக்கு இப்படியொரு வாய்ப்பு இதற்கு முன் வந்ததில்லை.

ஆட்டமும் சோடை போகவில்லை. சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று இந்தியா உருட்டியது. காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2. ஷூட்-அவுட்டில் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் காப்பாற்றினார். அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று நம்மைத் தரைமட்டமாக்கியது. டிசம்பர் 10, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் நின்றது. கடைசிக் கால்பகுதியில் இந்தியா நான்கு கோல் போட்டது. பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ் எல்லைக்கோட்டில் நின்றபடி என்ன பாடுபட்டார் என்பதை டிவியில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோப்பை ஜெர்மனிக்கு, எட்டாவது முறையாக.

எல்லாம் சரி. தமிழ்நாட்டில் நடந்த அந்த உலகக் கோப்பையில், இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர்கூட இல்லை.

தேர்வாளர்கள் மேல் பழி போடுவது எளிது. வடக்கு, தெற்கு என்று பேசலாம். எனக்கு அந்தப் பேச்சில் ருசி இல்லை. காலுக்குக் கீழே இருக்கும் தரையைப் பார்க்கச் சொல்கிறேன்.

1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதன்முதலாக டர்ஃப் என்கிற செயற்கைத் தரைக்கு ஏறியது. அந்த முறை இந்தியாவுக்கு ஏழாவது இடம். நான்கு ஆண்டு கழித்து மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் இல்லை. மண் தரையில் பந்து எகிறும், திரும்பும், கல்லில் பட்டுத் திசைமாறும். அங்கே மணிக்கட்டுதான் ராஜா. டர்ஃபில் பந்து ஒரே மட்டமாக, மின்னல் வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே ஓட்டமும் பெனால்டி கார்னரும் பேசும். ஸ்டிக்கே மாறிவிட்டது. மல்பெரி மரத்தில் செய்த பழைய ஸ்டிக் போய், கார்பன் இழை சேர்த்த ஸ்டிக் வந்தாயிற்று. நல்லதாக ஒன்று வேண்டுமென்றால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும்.

அந்த வழுக்கலுக்குக் காரணம் தண்ணீர். சர்வதேச ஆட்டத்துக்கான டர்ஃபை நனைக்காமல் ஆட முடியாது. காய்ந்த டர்ஃபில் பந்து தயங்கும், ஷூ பிடித்துக்கொண்டு முழங்கால் திரும்பும், விழுந்தால் தோல் தீய்ந்துபோகும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் ஓரத்தில் பதித்த பெரிய தெளிப்பான்கள் திறக்கும். இடைவேளையிலும் தேவைப்பட்டால் மறுபடி திறக்கும். பிறகு பந்தை அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் தரையிலிருந்து நீர்த்துளி விசிறிக்கொண்டு எழும். கிட்டே நின்றால் முகத்தில் தெறிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட 5,000 சதுர மீட்டர். அதன்மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டுமென்றாலே 5,000 லிட்டர். காற்றில் போவது, ஆவியாவது, வடிவது தனி. சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் டர்ஃப் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். குடத்தோடு குழாயடியில் நின்று பழகிய ஊரில், ஆட்டக்களத்துக்கும் அன்றாடம் தண்ணீர் வேண்டும்.

இதைவிட வேடிக்கை வடக்கே இருக்கிறது. லடாக்கில் பையன்களும் பெண்களும் குளம் உறைவதற்காகக் காத்திருக்கிறார்கள். உறைந்தால் ஐஸ் ஹாக்கி, உருகினால் சீசன் முடிந்தது. 2025இல் அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்திய ஐஸ் ஹாக்கிப் பெண்கள் முதல்முறையாக வெண்கலம் வாங்கினார்கள். அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். கனடாவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டால் தெரியும், அங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்றாலே இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கிதான். வீடே டிவி முன்னால் உட்காரும். சர்வதேச விதிப்படி ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், அதிகபட்சம் 30 மீட்டர் அகலம். மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு ஐஸ் போட 54,000 லிட்டர் தண்ணீர் போதும். ஒருமுறை போட்டுவிட்டால், மேற்பரப்பை அவ்வப்போது செப்பனிட்டு சீசன் முழுக்க ஆடலாம். நம் டர்ஃபுக்குப் பத்து மில்லிமீட்டர் தெளித்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணீர் போய்விடும். வெயிலில் சீக்கிரமே காய்ந்தும் விடும்.

சர்வதேச ஹாக்கி சம்மேளனத்துக்கும் இது உறைத்திருக்கிறது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் விரித்த டர்ஃபின் இழையைப் பெரும்பாலும் கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருளில் செய்தார்கள். டோக்கியோவைவிடக் குறைந்த தண்ணீரில் ஆட்டத்தை நடத்தினார்கள். தண்ணீரே தெளிக்காமல் ஆடக்கூடிய தரையை நோக்கிப் போவதாகவும் சொல்கிறார்கள். அது வரும்போது வரட்டும். மணல் தூவிய டர்ஃப், மணல் நிரப்பிய டர்ஃப் என்று தண்ணீர் அதிகம் கேட்காத வகைகள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. உலகக் கோப்பைக்கு ஆகாது. பத்து வயதுப் பையன் பந்தைத் தள்ளிப் பழகத் தாராளமாக ஆகும்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கிராமத்துப் பையன் எட்டு, பத்து வயதில் ஸ்டிக் பிடிப்பது சரளை மண்ணில். “ஏலே, ஸ்டிக்கைத் தரையில வையில!” என்று மாஸ்டர் கத்துவது அங்கேதான். கெட்டிக்காரனாக இருந்து விடுதியில் இடம் கிடைத்தால்தான் தினமும் டர்ஃபில் ஆட முடியும். அதற்குள் அவன் கைக்கு மண்ணின் பழக்கம் வந்திருக்கும். அந்தப் பழக்கத்தை மாற்றவே இரண்டு வருஷம் போகும். அதே வயதுப் பஞ்சாப் பையனோ ஒடிசாப் பையனோ அந்த இரண்டு வருஷத்தில் பந்தை இழுத்துக் கோலுக்குள் வீசும் டிராக் ஃப்ளிக்கைப் பழகிவிடுகிறான்.

ஒடிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தர்கர் மாவட்டம் நம் கோவில்பட்டி வட்டாரத்தைப் போலவே ஹாக்கியில் ஊறிய மண். முன்னாள் இந்திய வீரர் திலீப் திர்க்கியைத் தந்த மாவட்டம். அங்கே இருக்கும் 17 ஒன்றியங்களிலும் ஒன்றியத்துக்கு ஒரு டர்ஃப் என்று மாநில அரசு திட்டம் போட்டு விரித்தது. பையன் டர்ஃபைத் தேடிப் போகவில்லை, டர்ஃப் பையனைத் தேடி வந்தது. அர்ஜென்டினாவுக்கு எதிராக இந்தியாவின் நான்காவது கோலைப் போட்டு வெண்கலத்தை உறுதி செய்த அன்மோல் எக்கா அந்த மாவட்டத்துக்காரர்.

தமிழ்நாடு அரசு சும்மா இருந்தது என்று நான் சொல்லவில்லை. சென்னை, மதுரை அரங்குகள் அருமையாக வந்திருக்கின்றன. உலகக் கோப்பையை நடத்திக் காட்டியது சின்னக் காரியம் இல்லை. ஆனால் கேலரியில் உட்கார இடம் செய்தாயிற்று. களத்தில் ஆட ஆள் செய்ய வேண்டாமா? முழு அளவு டர்ஃப் எல்லா ஊருக்கும் வேண்டும் என்று கேட்கவில்லை. கோவில்பட்டியைச் சுற்றி நாலைந்து அரசுப் பள்ளிகளில், ஐந்து பேர் அணிகள் ஆடுகிற அளவுக்குச் சின்னதாக, தண்ணீர் அதிகம் கேட்காத தரை போதும். பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் ஒவ்வொன்று போட்டால் இன்னும் நல்லது. ஆற்றோரத்துப் பையன்களும் ஸ்டிக் பிடிக்கட்டும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஹாக்கியால் வேலை கிடைத்து, ஓய்வும் பெற்றுவிட்ட அண்ணாச்சிமார் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் ஒரு மனு கொடுங்கள். அடுத்த ஜூனியர் உலகக் கோப்பை 2027இல் வருகிறது. அதற்கு இப்போது தொடங்கினால் நேரம் போதாது. அதற்கடுத்த கோப்பையில் ஆடப்போகிறவன் இன்றைக்கு ஒன்பதாவதோ பத்தாவதோ படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்காகவாவது இந்தக் கோடை விடுமுறைக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)